ஒன்பதாம் நம்பர் வண்டி

அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எங்கள் சனத்தில் ஒருவர் போய்விட்டால் அவரோடு அவர் பெயரும் போய்விட வேண்டும். யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பாதி வழியில் நின்று தவிப்பார். படமும் அப்படித்தான், குரலும் அப்படித்தான். அதனால் இப்போது அவனைக் குமஞ்சாயி என்கிறோம். பெயர் சொல்லக் கூடாதவர்கள் எல்லோருக்கும் எங்களிடம் அந்த ஒரே பெயர்தான். நான் துப்புரவு வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் வெள்ளைக்கார மெக்கானிக் ஒருத்தனுக்கும் அவன் பெயரே. அவனையும் குமஞ்சாயி என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறேன் என்று நினைத்து அவன் ரெண்டு நாள் என்னை முறைத்துக்கொண்டு திரிந்தான். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

குமஞ்சாயி என் அக்கா மேவிஸ் பெற்றவன். அக்கா பிள்ளை எனக்கும் பிள்ளை. எங்கள் இருவரையும் அம்மா என்றே கூப்பிடுவான். இருபத்துநாலு வயது. ஞாயிற்றுக்கிழமை வடக்கே போகும் நெடுஞ்சாலையில் அவன் வண்டி உருண்டுவிட்டது. அவ்வளவுதான், அதைப் பற்றி வேறு ஒன்றும் என்னிடம் கேட்காதீர்கள்.

அவன் எழுதிய ஒரு கவிதை எங்கள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டவுன் பஸ்களில் ரெண்டு மாதமாக ஒட்டியிருந்தது. இந்த ஊரில் மண்ணின் பூர்வகுடிகள் நாங்கள் இருக்கிறோம், வெள்ளைக்காரர் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் பாதி கேரளா, முதியோர் இல்லத்தில் பாதி பிலிப்பைன்ஸ், பஸ் ஓட்டுவது பிஜிக்காரரும் கென்யாக்காரரும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை, எல்லோரும் போனைத்தான் பார்க்கிறார்கள் என்று கவலைப்பட்டு, டார்வினில் இருக்கும் கலை அலுவலகம் ஒன்று கவிதை கேட்டு எழுதியது. குமஞ்சாயி எங்கள் பேச்சிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகையில், ஏறுகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டினார்கள். மேலே அவன் முகம், நிஜ முகத்தைவிடப் பெரிதாக. கீழே பெயர். அதற்குக் கீழே கவிதை.

கவிதை முழுவதையும் சொல்ல எனக்கு உத்தரவில்லை. எங்கள் ஆறு மணலுக்கு அடியில் ஓடுகிறது, உட்கார்ந்து தோண்டினால்தான் தெரியும் என்று வரும். கடைசி வரியை மட்டும் சொல்லிக்கொள்ள அக்கா விட்டிருக்கிறாள். ‘உங்கள் ஆறு எப்படி இருக்கும்?’

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. நர்ஸ் பெண் ஒருத்தி தன் ஊர் ஆற்றைப் பற்றிப் பக்கத்து சீட்டுக் கிழவரிடம் சொன்னாளாம். அவர் ஆறே இல்லாத ஊரில் பிறந்தவர், பொறாமைப்பட்டாராம். பிஜிக்கார டிரைவர் வைசேகே சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தன் ஊர் ஆற்றின் அகலத்தைக் கையை விரித்துக் காட்டுவான். பச்சை விழுந்தாலும் கை மடங்காது. சாயங்காலம் நான் வண்டி பெருக்கும்போது சீட்டுக்கடியில் பேப்பர் கிடக்கும், யாரோ யாருக்கோ ஆறு வரைந்து காட்டிய பேப்பர். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன்.

ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். அக்கா தொலைவில் வெள்ளை ஓடை என்கிற எங்கள் குடியிருப்பில் இருக்கிறாள், நான்கு மணி நேர மண் ரோடு. அதனால் குடும்பத்தின் சார்பில் நான். அந்தத் தாளில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. எழுதியவர் இறந்துபோனால் பெயரையும் படத்தையும் எடுத்துவிட வேண்டுமா? ஆம், இல்லை, ரெண்டு கட்டம். நல்லெண்ணத்தோடு எங்களுக்காகவே போட்ட கேள்விதான். பிள்ளை எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவன் சாவைப் பற்றி, அவன் தாய், என் கையால் ஒரு கட்டத்தில் குறி போடுவதா? எங்களில் எந்தப் பொம்பளையும் போட மாட்டாள். வெற்றாக விட்டேன். வெற்றாக விட்டதுதான் என் கழுத்தைச் சுற்றியது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அக்கா வருகிறாள் என்று சேதி வந்தது. வாரத்துக்கு ஒரு முறைதான் வெள்ளை ஓடையிலிருந்து வண்டி. ஆற்றங்கரையில் துக்கத்துக்குச் சனம் கூடியிருந்தது. அவள் வந்து உட்கார்ந்தால்தான் எதுவும் தொடங்கும். தாய் முறை ஆகிறவர்கள் எல்லோரும் உடம்பில் வெள்ளைக் களிமண் பூசி, முடியை ஒட்ட வெட்டி, வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதன்பின் கைஜாடைதான், மாதக்கணக்கில். நானும் பெற்றவள்தான், ஆனால் பூசிக்கொள்ளவில்லை. பூசினால் பேச முடியாது. பேசாமல் அந்தப் படங்களை எடுக்க முடியாது. ‘பெத்தவ ஒருத்தி களிமண் இல்லாம சுத்துறா பாரு’ என்று சனம் என் காதுபடவே பேசியது. பேசட்டும் என்று வியாழன் காலையில் டிப்போவுக்குப் போனேன்.

மேனேஜர் ட்ரெவர் கெட்டவன் இல்லை. எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவான், அதுதான் அவன் வியாதி.

“டோரீன், மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. நீ லீவு போட்டிருக்கலாமே.”

“லீவெல்லாம் வேணாம். படத்தை எடுக்கணும். இன்னிக்கு, நாலு மணிக்குள்ள.”

“திங்கக்கிழமையே டார்வினுக்கு எழுதிட்டேன். அந்தக் கட்டத்துல குறி இல்லையாம். குறி இல்லேன்னா குடும்பத்துக்கிட்ட புதுசா எழுதி வாங்கணுமாம். பெத்த தாய் கையெழுத்து.”

“பெத்த தாய் நான்தான்.”

“நீ சித்தி.”

“உங்க ஊர்ல சித்தி.”

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு டோரீன். நேத்துகூட ரெண்டு பேர் போன் பண்ணாங்க, அந்தப் பையனை எடுத்துடாதீங்கன்னு. அவங்களுக்கு நான் என்ன சொல்ல?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். “அவன் அம்மா வந்து இறங்கினதும் ஆத்தங்கரைக்கு உன் டவுன் பஸ்லதான் ஏறுவா. ஏறி, அவன் மூஞ்சியைப் பாப்பா. பாத்தா அவனுக்கும் போக்கிடம் இல்ல, அவளுக்கும் உசிர் இல்ல. நீ சொல்ல வேணாம், எதையும் சொல்ல வேணாம். கண்ணை மட்டும் மூடிக்க.”

அவன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தான். “நான் டீ குடிக்கப் போறேன். ரொம்ப நேரமாகும். கேட்டா, எனக்குத் தெரியாது. பன்னெண்டு வண்டியில பதினொண்ணுதான் ஓடுது. ஒன்பதாம் நம்பர் பிரேக் போய் வொர்க்‌ஷாப்ல கிடக்கு, அடுத்த வாரம்தான் வெளிய வரும்னு தாள்ல இருக்கு.”

ஒன்பது ஷெட்டுக்குள் தூங்குகிறது, தூங்கட்டும், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

வண்டிகள் சுற்று முடித்து ஒவ்வொன்றாக டிப்போவுக்குள் வரும், பத்து நிமிஷம் நிற்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒன்று. நானும் பார்க்கக் கூடாதவள், அதை மறந்துவிடாதீர்கள். பலகைக்கு முதுகைக் காட்டிப் பின்னோக்கி நடந்து போவேன். முதுகைப் பலகையில் சாய்த்து, கறுப்புக் குப்பைப் பையைத் தோளுக்கு மேலே விரித்து நாடா ஒட்டி மறைப்பேன். மறைந்த பிறகு திரும்பி, பைக்கு அடியில் கையை விட்டு, ஓரத்தில் ஹேர் டிரையர் காட்டிச் சூடாக்கி, நகத்தால் நெம்பி, யூகலிப்டஸ் தைலம் விட்டு, சுரண்டியால் சுரண்டுவேன். எல்லாம் தடவித் தடவித்தான். மூன்றாவது வண்டிக்குள் எது எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. இது பெயர் இருக்கும் இடம், இது கன்னம். குழந்தையில் அவனைக் குளிப்பாட்டிய கை இது. இதே கையால் அவன் முகத்தை உரிக்கிறேன். அழுதால் கண் மறைக்கும், கண்ணால் எனக்கு வேலையும் இல்லை, அதனால் அழுதுகொண்டே செய்தேன்.

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. பதினொன்றரைக்கு ஐந்து வண்டிதான் முடிந்திருந்தது. போன் அடித்தது. அக்கா மகள் ஷெரல்.

“அம்மா, நாங்க கடை முன்னாடி உக்காந்திருக்கோம், வண்டி இன்னும் வரல. மேவிஸம்மா ஜாடையில ஒண்ணு கேக்கறாங்க.”

“என்னவாம்?”

“பஸ்ல இருந்ததெல்லாம் எடுத்தாச்சான்னு கேக்கறாங்க. இல்லேன்னா ஏற மாட்டாங்களாம்.”

அவள் ஏறாவிட்டால் இன்னும் ஒரு வாரம். இந்த வெயிலில் ஆற்றங்கரையில் இத்தனை சனம், ஆஸ்பத்திரியின் குளிர்ப்பெட்டியில் பிள்ளை. என் முன்னால் ஆறு வண்டி பாக்கி.

“எடுத்தாச்சுன்னு சொல்லு.”

“எல்லாமாம்மா?”

“எல்லாந்தான்டி. ஒண்ணு விடாம. பேசாம ஏறி வாங்க.”

ஷெரல் ஜாடையில் சொல்வது போனில் எனக்குக் கேட்குமா என்ன. ஆனாலும் அந்த நிசப்தத்தில் அக்கா தலையாட்டியது எனக்குத் தெரிந்தது. வாழ்நாளில் நான் அவளிடம் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. சின்ன வயதில் அவளுடைய டப்பாப் பாலை நான் திருடிக் குடித்துவிட்டு நாய் மேல் பழி போட்டதெல்லாம் எந்த மூலைக்கு.

ஆறு, ஏழு, எட்டு. மதியம் சாப்பிடவில்லை. கட்டைவிரல் நகம் பாதி பிய்ந்து வந்தது, அதற்கு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டேன். இரண்டரைக்குப் பத்தாவது வண்டியை முடிக்கும்போது வைசேகே பதினொன்றாவதை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தான். ஆறடி ஆள், என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். அவன் முகத்தில் துக்கத்தோடு ஏதோ ஒரு நிறைவும் இருந்தது.

“டோரீன் அக்கா, உன்கிட்ட சொல்லணும்னே வந்தேன். எங்களால ஆனதை நாங்களும் செஞ்சிருக்கோம்.”

“என்ன செஞ்சே?”

“பஸ் நிலையத்துல, பெரிய சுவர் இருக்கில்ல, அங்க வச்சிருக்கோம். தம்பி படம், ஆளுயரத்துக்கு. பேர் பெரிய எழுத்துல. நர்ஸ் பொண்ணுங்க பூ கட்டினாங்க. எங்க வீட்டுல கல்யாணத்துக்கு வச்சிருந்த மரப்பட்டைத் துணியை நான் கீழ விரிச்சேன். அவங்கம்மா நாலு மணிக்கு வந்து இறங்கினதும் முதல்ல அதைப் பாக்கணும். இந்த ஊரே உன் பிள்ளைக்கு அழுதுச்சு தாயேன்னு அவங்களுக்குத் தெரியணும்.”

நான் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“கழட்டு.”

“என்னக்கா?”

“கழட்டுடா. இப்பவே போய்க் கழட்டு.”

“எங்க ஊர்ல படம் வைக்கலேன்னா, செத்தவனை ரெண்டாந்தரம் சாகடிச்ச மாதிரி அக்கா.”

“எங்க ஊர்ல வச்சா, போறவன் காலைப் புடிச்சு இழுக்கிற மாதிரி தம்பி. அவன் பேரை நான் அஞ்சு நாளா சொல்லல. மனசுக்குள்ள கூடச் சொல்லல. நீ அதை ஆளுயரத்துக்கு எழுதி வச்சு அவ முன்னால நிறுத்தப் போறே.”

அவன் என் விரலில் சுற்றிய துணியைப் பார்த்தான், தரையில் குப்பைப் பைகளைப் பார்த்தான், பலகைகளெல்லாம் ஏன் வெறுமையாகி வருகின்றன என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. “நாங்க மரியாதைன்னு நினைச்சோம்க்கா” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ரெண்டுக்கும் நேரமில்லை.

பதினொன்றாவது வண்டியை அவனே உரித்தான். முடித்து, அதிலேயே என்னை ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு விரட்டினான். ஊர்ச் சனம் முப்பது பேர் பூவோடு நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வண்டியிலேயே இருந்தேன். வைசேகே இறங்கிப் போய் ஏதோ சொன்னான். யாரோ ஒரு பெண் ‘அய்யோ’ என்றது கேட்டது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை, ஏணி இழுக்கும் சத்தம், துணி மடிக்கும் சத்தம், செருப்புச் சத்தம். கால் மணி நேரம் கழித்து அவன் வந்து, “இப்ப கண்ணைத் திறக்கலாம்க்கா” என்றான். சுவர் வெறும் சுவராக இருந்தது. பூவைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். வந்த சனம் போகாமல், கையில் ஒன்றுமில்லாமல், ஓரமாக நின்றது. நர்ஸ் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கி முழுவதையும் குடித்தேன். மணி நாலாக ஐந்து நிமிஷம். பதினொரு வண்டி, ஒரு சுவர். ஷெட்டில் ஒன்று தூங்குகிறது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் பொய்யை உண்மையாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலு பத்துக்குச் சிவப்புப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வெளியூர் வண்டி திரும்பி உள்ளே வந்தது. வழக்கமாக வருவது உயரமான மஞ்சள் வண்டி. இது மஞ்சள் இல்லை. தாழ்வான டவுன் பஸ். நெற்றியில் புழுதிக்கு அடியில் நம்பர் தெரிந்தது. ஒன்பது.

பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மஞ்சள் வண்டிக்கு அச்சு முறிந்ததாம். ஒன்பதின் பிரேக் முந்தைய நாள் சாயங்காலமே சரியாகிவிட்டதாம். யாரோ சாவியை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், தாளில் ஏற்றவில்லை. அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. அவள் அந்த வண்டிக்குள் இருக்கிறாள், பலகைக்கு நேர் எதிரில், நான்கு மணி நேரமாக. அது மட்டும்தான் தெரிந்தது.

கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. டிரைவர் அடிலெய்டிலிருந்து வந்து மூன்று நாள் ஆனவன், வியர்த்துப் போய் இறங்கி வைசேகேவிடம் முறையிட்டான். “உக்காரும்மான்னு எத்தனை வாட்டி சொல்றது? நின்னுக்கிட்டே வந்தா. ஓடற வண்டியில நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லல.”

நான் ஏறினேன்.

சீட்டுகளில் எங்கள் பெண்கள் தலைக்கு மேல் போர்வையை இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் முகமும் தெரியவில்லை. முன்னால், டிரைவர் பலகைமேல் ஒரு சாம்பல் நிறக் கம்பளி. அதைக் கட்ட அங்கே கொக்கி இல்லை, ஆணி இல்லை. அக்காதான் ஆணி. ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை விரித்துக் கம்பளியைப் பலகையோடு அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி நின்றாள். களிமண் வியர்வையில் கரைந்து கழுத்தில் கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அந்த ரோடு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், உட்கார்ந்து வந்தாலே எலும்பு கழன்றுவிடும். அவளுக்கு அறுபத்தொரு வயது.

ஷெரல் போர்வைக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். “ஏறினதும் பாத்துட்டாங்கம்மா. ஒரு செகண்டுதான். உடனே மூடிட்டாங்க. நாங்க மாத்திப் புடிக்கிறோம்னு எவ்வளவோ கெஞ்சினோம். யாரையும் தொட விடல.”

நான் அக்காவின் முன்னால் தலையைக் குனிந்து நின்றேன். எங்களில் துக்கத்தில் தப்பு செய்தவளைப் பெரியவள் அடிக்கலாம், தலையிலேயே அடிக்கலாம். அடி வாங்குவது என் பங்கு. அடித்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. “அக்கா, பொய் சொன்னேன். நான்தான் பொய் சொன்னேன்” என்றேன்.

அடி விழவில்லை. அவளால் கையை இறக்க முடியவில்லை, மரத்துப்போயிருந்தது. நான் என் கைகளை அவள் கைகளுக்குப் பக்கத்தில் கம்பளிமேல் வைத்து அழுத்தினேன். பிறகுதான் அவள் கை ஒவ்வொன்றாகக் கீழே வந்தது.

படிக்கட்டில் வைசேகே நின்றான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. கையில் குப்பைப் பை, தைலம், சுரண்டி. அவனிடமிருந்து வாங்கினேன். கம்பளிக்கு அடியில் கையை விட்டு ஓரத்தைத் தேடினேன். பதினொரு தடவை செய்த வேலை.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கண் மூடியே இருந்தது. என் கையைக் கம்பளிக்கு வெளியே எடுத்தாள். தன் கையால் அதை நகர்த்திக்கொண்டு போய், கம்பளியின் ஒரு இடத்தில் வைத்தாள். நெற்றி. என் விரலுக்கும் அந்த இடம் தெரியும். அங்கிருந்து கொஞ்சம் கீழே நகர்த்தினாள். கன்னம். நான்கு மணி நேரம் அவள் கை இருந்த இடம், சூடாக இருந்தது.

சுரண்டியைக் கீழே போட்டேன். எங்கள் சனத்தின் சட்டமும் தெரியும், சனம் என்ன பேசும் என்றும் தெரியும். அவன் போக வேண்டும் என்றுதான் காலையிலிருந்து நாய் படாத பாடு பட்டேன். ஆனாலும் அவள் பக்கத்தில் நின்று, கம்பளிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டேன். அவளும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். வெளியே அந்த முப்பது பேரும் வெயிலில் சத்தமில்லாமல் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அக்கா தலையாட்டினாள். நான் குனிந்து சுரண்டியை எடுத்தேன்.